திரையில் ஓடும் பணம் - 9: விருந்தில் கசிந்த வட்டி

புரூக்ளினில் அப்பாவின் உணவகத்துக்கு வருபவர்களின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டிருந்த பெண், 1995இல் நியூயார்க் பங்குச்சந்தைக் கூடத்துக்குள்ளிருந்து தினமும் நேரலையில் பேசத் தொடங்கினார். மற்றதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது. அந்தப் பெண், மரியா பார்ட்டிரோமோமேல் பாட்டே எழுதிய ஜோயி ரமோனைப் பற்றி இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அவர் கொஞ்சம் காத்திருக்கட்டும். 2006 ஏப்ரல் 29 என்னைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது.

அன்று சனிக்கிழமை. வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டலில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர்களின் வருடாந்திர விருந்து. அதிபர் புஷ் அதே மேடையில் உட்கார்ந்திருக்க, ஸ்டீபன் கோல்பேர் அவரைப் புகழ்வதுபோலவே வாரு வாரென்று வாரினார். அந்த விருந்து என்றால் இன்றைக்கும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அதுதான். ஆனால் கோடிகளை அசைத்த பேச்சு மேடையில் நடக்கவில்லை. கீழே, கூட்டத்தில் நடந்தது. மரியாவும் பென் பெர்னான்கியும் பேசிக்கொண்டார்கள்.

பெர்னான்கி அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராகி மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குமுன் 18 ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், பேசி முடித்தால் வட்டி ஏறுமா இறங்குமா என்று ஒருவருக்கும் விளங்காது. அப்படிப் பேசுவதை அவர் ஒரு கலையாகவே வைத்திருந்தார். இவரோ பிரின்ஸ்டன் பேராசிரியர். கேள்வி கேட்டால் விளக்கிச் சொல்லித்தான் பழக்கம்.

2004 ஜூனிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் கால் கால் சதவீதமாக ஏற்றி, 1 சதவீத வட்டியை 4.75க்குக் கொண்டுவந்திருந்தார்கள். விருந்துக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 27 அன்று, காங்கிரஸ் குழு முன்பு பெர்னான்கி, தேவைப்பட்டால் ஏதாவது ஒரு கூட்டத்தில் ஏற்றாமல் பொறுத்துப் பார்க்கலாம் என்கிற மாதிரி சொன்னார். ஏற்றம் முடிந்துவிட்டது என்று வால் ஸ்ட்ரீட் குதித்தது. சந்தை உங்களைச் சரியாகத்தான் புரிந்துகொண்டதா என்று மரியா விருந்தில் கேட்டார். இல்லை என்றார் பெர்னான்கி.

திங்கட்கிழமை, மே 1. மதியம் மூன்று மணிக்கு மேல் மரியா இதைத் திரையில் சொன்னார். நான்கு மணிக்கு மணி அடித்துவிடுவார்கள். அதற்குள் ஏறிக்கொண்டிருந்த பங்குகள் சறுக்கின.

பழி யார்மேல்? விருந்தில் பேசியதை வெளியே சொல்லலாமா என்று அன்று மரியாவைக் கடிந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்டின் வட்டியை முடிவு செய்பவர் தொலைக்காட்சி நிருபரிடம் மனம்திறந்தால், அது விருந்துப் பேச்சாக நின்றுவிடாது. அதை அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால்தான் தப்பு. ஒருவருக்குத் தெரிந்து ஊருக்குத் தெரியாத தகவலுக்குத்தான் சந்தையில் விலை அதிகம். பெர்னான்கியே மே 23 அன்று செனட் குழுவில், அது தன் விவேகத்தில் நேர்ந்த சறுக்கல் என்று ஒப்புக்கொண்டார். இனி முறையான வழியில்தான் பேசுவேன் என்றார்.

மரியாவின் தொழிலே இதுதானே? தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எந்தப் பங்கை ஏற்றினார்கள், எதை இறக்கினார்கள் என்பது பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் போய்ச்சேர்ந்த காலத்தில், அதைக் காலையிலேயே திரையில் போட்டு உடைத்தவர் அவர். காசு கொடுத்து வாங்கியவனுக்கும் சும்மா டிவி பார்ப்பவனுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் நிறுவனங்களுக்குக் கோபம் வராமலா இருக்கும்?

இன்னொன்று. அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், மே 2, லூயிஸ் ருகைசர் இறந்துபோனார். 1970இலிருந்து 2002 வரை பொதுத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் சிலேடையும் சிரிப்புமாகப் பங்குச்சந்தை பேசியவர். 1987 அக்டோபர் 19 அன்று டவ் குறியீடு ஒரே நாளில் 508 புள்ளி, அதாவது 22.6 சதவீதம், விழுந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர் முதலில் சொன்ன ஆறுதல், போனது பணம்தானே, உயிரில்லையே என்பது. அவர் பேச ஒரு வாரம் பொறுத்திருந்த நாடு, மரியாவின் காலத்தில் நான்கு மணி வரைகூடப் பொறுக்கவில்லை. ருகைசருக்குத் தனி அத்தியாயமே வேண்டும். ஆசிரியர் இடம் கொடுத்தால் எழுதுகிறேன்.

பெர்னான்கி விருந்தில் சொன்னது பொய்யில்லை. மே 10 அன்று வட்டி 5 ஆனது, ஜூன் 29 அன்று 5.25. அதோடுதான் ஏற்றம் நின்றது.

ஜோயி ரமோன் அடுத்த வாரம் கட்டாயம் வருவார். கிழிந்த ஜீன்ஸும் முகத்தை மறைக்கும் முடியுமாக பங்க் ராக் பாடியவர், மரியாவுக்கு மின்னஞ்சல் அனுப்பி விசாரித்ததெல்லாம் பங்குகளைப் பற்றித்தான். அந்தப் பாட்டு வெளிவந்தது 2002இல், அவர் இறந்த மறு வருடம். முடிந்தால் அதற்குள் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.