சாம்பல் அள்ளிய கைகளுக்கும் ஒரு பலகை வேண்டும்

சென்னை எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை, சுதந்திர தினம், குடியரசு தினத்தையொட்டி ஒரு பழைய நீராவி எஞ்சின் ஓட்டிக் காட்டப்பட்டிருக்கிறது. அதன் பெயர் இ.ஐ.ஆர். 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் செய்யப்பட்டு, கிழக்கிந்திய ரயில்வேக்காக இங்கே வந்தது. 1909இல் பணியிலிருந்து நின்றது. பிறகு நூறாண்டுகள் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் வெறும் காட்சிப்பொருள். 2010இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர்கள் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள்.

நீராவி எஞ்சின் சாவியைத் திருகியதும் கிளம்பிவிடாது. பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டும். கொதிகலனில் தண்ணீர் கொதித்து, அந்த ஆவி பிஸ்டனைத் தள்ளினால்தான் சக்கரம் உருளும். கரி அள்ளிப் போட ஃபயர்மேன் வேண்டும். ஓட்டம் முடிந்தபின் சாம்பலை வாரிக் கொட்டவும், கரி படிந்த எஞ்சினைத் துடைக்கவும் ஆள் வேண்டும். தண்டவாளத்தைக் காக்கக் கேங்மேன் வேண்டும்.

இந்த எஞ்சின் பணியில் இருந்த காலத்தில்தான், 1901இல், சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனுடனும் அக்கா பிள்ளைகளுடனும் ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார். டிக்கெட் வாங்கியவரை ரயில் ஏற்றிக்கொண்டது. இறங்கியபின், சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியோட்ட வேண்டியதாயிற்று. வழியில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை.

ரயிலுக்குள்ளும் சாதி வேலை பிரித்தது. பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளும் வேலை யார் தலையில் விழுந்தது என்பது ஊரறிந்தது. தண்டவாளத்தில் கையால் மலம் அள்ளுவதைக் காலவரையறை வைத்து ஒழிக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ரயில்வேக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நீராவி எஞ்சின்கள் அன்றாட ஓட்டத்திலிருந்து விடைபெற்றுப் பல ஆண்டுகள் ஆனபின் வந்த தீர்ப்பு அது!

பழைய இரும்பைப் பழுதுபார்த்து ஓடவிடுவது நல்ல காரியம். செய்த கம்பெனியின் பெயரும் ஆண்டும் எழுதும் பலகையில் ஃபயர்மேன், கேங்மேன், சாம்பல் வாரியவர், துப்புரவுத் தொழிலாளர் என்று நான்கு வரிகள் கூடுதலாக எழுத எவ்வளவு செலவாகிவிடும்?

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ரயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்ற தாத்தாக்கள், பாட்டிகள் இருப்பார்கள். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுடன் அவர்களிடம் போய் உட்காருங்கள். என்ன வேலை, என்ன கூலி, எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நின்றுபோன எஞ்சினை நூறாண்டு கழித்தும் ஓட்டலாம். அவர்களின் நினைவு அவ்வளவு காலம் காத்திருக்காது.