லினக்ஸ் மடிக்கணினியில் ஹாட்ஸ்பாட்: பழுதறியும் முறை

ஹாட்ஸ்பாட் என்பது ஒரு கருவிக்குக் கிடைக்கும் இணைய இணைப்பை வைஃபை வழியாகப் பிற கருவிகளுடன் பகிர்ந்துகொள்ளும் முறை ஆகும். லினக்ஸ் இயங்கும் மடிக்கணினிகளில் இப்பணியைப் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர் என்னும் மென்பொருள் செய்கிறது.

பின்னணி

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். படிப்பை முடித்துத் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு இத்தகைய கணினியே கைக்கு எட்டிய கணினியாக இருக்கக்கூடும். வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மகளிர் விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கும் அளவுடையது. இத்தகைய இடங்களில் ஒரே இணைப்பைப் பலர் பகிர்வது இயல்பு.

ஷிப்ட் முடிந்து வந்து தொலைநிலைக் கல்விப் பாடம் படிப்பவருக்கோ, கடைசி நாளில் தேர்வு விண்ணப்பம் அனுப்புபவருக்கோ இணைப்பு நின்றால் வாய்ப்பே கைநழுவும். அந்தப் பதற்றத்தில் லினக்ஸையே அழித்து மீண்டும் நிறுவினால் சேமித்த கோப்புகளும் போய்விடும். பெரும்பாலும் அதற்குத் தேவை இல்லை.

நான்கு படிகள்

ஹாட்ஸ்பாட் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்கிறது: தன் பெயரை அலையில் பரப்புதல், கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், இணைந்த கருவிக்கு முகவரி வழங்குதல், அதன் இணையப் போக்குவரத்தைக் கடத்திவிடுதல். எந்தப் படியில் தடை என்பதை இணைய முயலும் கைபேசியின் திரையே காட்டிவிடும்.

1. பெயரே தெரியவில்லை: முனையத்தில் ஆர்எஃப்கில் கட்டளையை இயக்கி, வைஃபை முடக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, ஐடபிள்யூ கட்டளை தரும் பட்டியலில் ஏபி என்னும் பயன்முறை இருக்க வேண்டும். இல்லையெனில் அந்த வைஃபை அட்டையால் கைபேசிக்கு ஏற்ற ஹாட்ஸ்பாட் தர இயலாது. மடிக்கணினி வைஃபை மூலமே இணையம் பெறுகிறது என்றால், பல அட்டைகளால் அதே நேரத்தில் பெறவும் பகிரவும் முடியாது. இணையத்தைக் கேபிள் வழியாகவோ, கைபேசியிலிருந்து யுஎஸ்பி வழியாகவோ பெறுவது எளிய தீர்வு. 5 கிகாஹெர்ட்ஸில் பெயர் தெரியாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

2. பெயர் தெரிகிறது, இணைய மறுக்கிறது: கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகள் கொண்டிருக்க வேண்டும். பழைய கைபேசிகளுக்கு டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை புரியாது. டபிள்யூபிஏ2 முறைக்கு மாற்றினால் இணையும்.

3. முகவரி பெறும் நிலையிலேயே நிற்கிறது: முகவரி வழங்குவது டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சிறு நிரல். அது நிறுவப்படாமல் இருந்தாலோ, அதன் வேறொரு பிரதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலோ பகிர்வு தடைப்படும். தீச்சுவர் 67, 53 ஆகிய போர்ட்டுகளை மறித்தாலும் இதே நிலைதான். தீச்சுவரை முழுவதும் அணைக்காமல் அவ்விரண்டை மட்டும் ஹாட்ஸ்பாட் பக்கம் திறப்பதே முறை. எல்லாம் சரியானால் வழக்கமாக 10.42.0 எனத் தொடங்கும் முகவரி கிடைக்கும்.

4. இணைந்தது, ஆனால் இணையம் இல்லை: முதலில் மடிக்கணினியிலேயே இணையம் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். வருகிறது என்றால், ஹாட்ஸ்பாட்டின் ஐபிவி4 அமைப்பு "பகிரப்பட்டது" என்று உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். கைபேசியிலிருந்து 8.8.8.8 என்னும் முகவரிக்குப் பிங் சென்று, தளப் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால் கோளாறு டிஎன்எஸ் பகுதியில் உள்ளது.

வேகக் குறைவு

பல அறைகளில் பல ஹாட்ஸ்பாட்டுகள் இயங்கும் விடுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நெரிசலாகிவிடும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அருகில் குறைவாகப் பயன்படும் சேனலைத் தேர்ந்தெடுப்பது பலன் தரும். அட்டை இடம் தந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் நல்லது.

கவனத்திற்கு

கடவுச்சொல் இல்லாத ஹாட்ஸ்பாட்டில் முன்பின் அறியாதவரும் இணையலாம். செலவாகும் தரவு உரிமையாளருடையது, அவர் செய்வதற்கான பொறுப்பும் உரிமையாளர் பெயரிலேயே வந்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒரே அமைப்பை மாற்றி, பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு சோதிப்பதே பழுதறிதலில் பாதுகாப்பான வழி.