எரிபொருள் மின்கலத்திற்கு இருக்கை அமைத்தல்

2024-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டு, எக்ஸ்போசாட் என்னும் எக்ஸ்-கதிர் ஆய்வுத் துணைக்கோளைச் சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் நிலைநிறுத்தியது. அதன்பின் ராக்கெட்டின் நான்காம் அடுக்கு சுமார் 350 கிலோமீட்டர் உயரத்திற்கு இறக்கப்பட்டு, ஒரு பரிசோதனை மேடையாக உபயோகிக்கப்பட்டது. அம்மேடையில் ஏற்றப்பட்டிருந்த சாதனங்களுள் ஒன்று, திருவனந்தபுரத்தில் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் உருவாக்கிய எரிபொருள் மின்கலமாகும். 100 வாட் வகையைச் சேர்ந்த அக்கலம், சிறிது நேரமே நடந்த சோதனையில், உயர் அழுத்தக் கலன்களில் அடைக்கப்பட்டிருந்த ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கொண்டு 180 வாட் மின்சாரத்தை அளித்தது.

ஆய்வுக்கூட மேசையின்மீது செவ்வனே இயங்கும் கலம், அதிர்ந்து விரையும் ஊர்தியிலும் அவ்வாறே இயங்குமா? இக்கேள்விக்கான விடை, கலத்தின் உள்ளே உள்ள இரசாயனத்தைப் பொறுத்ததைப் போலவே, அதனைத் தாங்கும் இருக்கையையும் பொறுத்தது. ராக்கெட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை விரைவுக் காருக்கும் பொருந்தும். பொறியியல் மாணாக்கர் சிலர் இத்தகைய சிறு வாகனங்களைத் தாமே செய்ய முற்படும் இக்காலத்தில், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களும் பட்டறைப் பணியாளர்களும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். பந்தயக் கார்ப் பட்டறைகளில் 'ஃப்யூயல் செல்' என்றால் மின்கலம் அன்று; பெட்ரோல் அடைக்கும் பை. உலோகப் பெட்டிக்குள் உறுதியான ரப்பர்ப் பையை வைத்து, அதனுள் கடற்பஞ்சு போன்ற நுரைப்பொருளை நிரப்பியிருப்பர். மோதலில் பெட்டி நசுங்கினும் பை கிழியாதிருக்கவும், வளைவுகளில் பெட்ரோல் அலைமோதாதிருக்கவும் இவ்வேற்பாடு. பெயர் ஒன்றாயிருப்பதால் நூல்களைப் புரட்டுவோர் மயங்குவதுண்டு. இங்கே நாம் கூறப்புகுவது மின்சாரம் தரும் கலத்தைப் பற்றியே. ஆயினும் பளுவைத் தாங்குவது பற்றிப் பின்னர் வரும் கணக்கு இரண்டிற்கும் ஏற்கும்.

எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜன் எரிவதில்லை. மெல்லிய சவ்வு ஒன்றின் ஒரு பக்கத்தில் ஹைட்ரஜனும் மறுபக்கத்தில் ஆக்ஸிஜனும் செல்ல, மின்சாரமும் நீரும் உஷ்ணமும் உண்டாகின்றன. பளு ஏற்றிய நிலையில் ஓர் அறை தரும் மின்னழுத்தம் 0.6 அல்லது 0.7 வோல்ட்டே. ஆகவே நூற்றுக்கணக்கான அறைகளைப் புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கி, இரு முனைகளிலும் கனமான தகடுகளை வைத்து, நீண்ட கம்பிகளால் இறுக்குகின்றனர். 2022-இல் திருவனந்தபுரத்தில் பதிவு செய்யப்பட்ட டொயோட்டா மிராய் காரை எடுத்துக்கொள்வோம். இதன் இரண்டாம் தலைமுறைக் காரில் இத்தகைய அறைகள் 330 உள்ளன. ஆற்றல் 128 கிலோவாட். சவ்வின் பருமனோ தலைமயிரின் பருமனிலும் குறைவு. அடுக்கின் இறுக்கம் ஓரிடத்தில் தளர்ந்தால் வாயு கசியும்; ஓரிடத்தில் மிகுந்தால் தகடு விரியும் அல்லது சவ்வு நசுங்கும். இருக்கையின் முதற்கடமை இதிலிருந்தே பெறப்படும்: கலத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும், ஆனால் அதன்மேல் புதிய விசை எதையும் சுமத்தலாகாது.

கலத்தைக் காரில் எங்கே வைப்பது? 1966-இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்த எலெக்ட்ரோவேனில் கலமும் அதன் கலன்களும் வண்டியின் பின்பகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டன. இருவர் அமர மட்டுமே இடமிருந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி, 2013-இல் மகேந்திரகிரியில் ஓட்டிக் காட்டிய பேருந்தில் ஹைட்ரஜன் உருளைகள் கூரைமேல் அமைந்திருந்தன. காற்றினும் 14 மடங்கு இலேசான வாயு கசிந்தால் மேலே போய்விடும் என்பதால் பேருந்திற்குக் கூரை ஏற்ற இடமே. விரைவுக் காருக்கு அது ஆகாது. பளு உயரத்தில் இருந்தால் வளைவில் வண்டி சாயும். ஆகவே கலத்தையும் உருளையையும் தரையோடு தரையாக வைக்கவேண்டியிருக்கிறது; வைத்தபின், கசியும் வாயு வெளியேற வேறு வழியும் செய்யவேண்டியிருக்கிறது.

இனி இருக்கையின் அமைப்பு. முக்காலி எத்தரையிலும் ஆடாமல் நிற்கும். நான்கு காலுள்ள கட்டில் மேடுபள்ளத் தரையில் ஆடும். கட்டிலின் நான்கு கால்களையும் அத்தரையில் வலிந்து இறுக்கினால் கட்டிலின் சட்டம் முறுகும். இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஓடும் காரின் சட்டம் ஒவ்வொரு பள்ளத்திலும் சிறிது முறுகிக்கொண்டேயிருக்கும். கலத்தை நான்கு முனைகளிலும் இறுக்கினால் அம்முறுக்கம் முழுவதும் அடுக்குக்குள் பாயும். ஆகவே மூன்று இடங்களில் தாங்குவதே முறை: முன்னே இரண்டு, பின்னே ஒன்று. மூன்றும் கனமான முனைத் தகடுகளிலேயே அமையவேண்டும். அடுக்கை இறுக்கும் கம்பிகளில் தாங்கியைப் பிணைப்பது வேலையைச் சுலபமாக்கும்; கலத்தையும் கெடுக்கும்.

உஷ்ணத்தால் நேரும் விரிவையும் மறக்கலாகாது. 50 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினிய உறை எஃகுச் சட்டத்தின்மீது அமர்ந்திருப்பதாகவும், இரண்டும் 50 டிகிரி சூடேறுவதாகவும் கொள்வோம். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அதிகம் நீளும். பின்புறத் துளையை வட்டமாக இடாமல் நீள்வட்டமாக இட்டால் இவ்விரிவுக்கு இடம் கிடைக்கும்.

மோதலின்போது என்ன நேரும்? ஐக்கிய நாடுகளின் 134-ஆம் எண் வாகன விதி, கார்களில் ஹைட்ரஜன் உருளைகளின் பிடிப்பு, வண்டி செல்லும் திசையில் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கும், பக்கவாட்டில் 8 மடங்கும் தாங்கவேண்டும் என்கிறது. பெரிய பேருந்துகளுக்கு இவ்வளவு முறையே 6.6 மடங்கும் 5 மடங்குமே. கார் அளவையே கலத்திற்கும் கொள்வது தகும். கலத்தின் எடை 30 கிலோகிராம் ஆயின், 20 மடங்கில் அது 600 கிலோகிராம் பளுவாக முன்னே பாயும். மூன்று போல்ட்டுகளும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 200. இதனோடு நிற்பதில்லை. கலத்தின் எடைமையம் இருக்கையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன் பின் போல்ட்டுகளின் இடைவெளி 40 சென்டிமீட்டர். கலம் முன்னே குப்புறக் கவிழ முயல்வதால் பின் போல்ட்டு மேல்நோக்கி இழுபடும். 600-ஐ 15-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 225. கலத்தின் சொந்த எடையில் அவ்விடத்துப் பங்கான 15-ஐக் கழித்தால் 210 கிலோகிராம்.

8 மில்லிமீட்டர் தடிப்புள்ள 8.8 தர எஃகு போல்ட்டு 2,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவிசையை நிலையாகத் திரியாமல் தாங்கும். எனவே போல்ட்டு அறும் என்று அஞ்சவேண்டியதில்லை. அது பிடித்திருக்கும் தகடே கிழியும். ஒரு மில்லிமீட்டர் தரைத்தகட்டில் துளையிட்டு, சிறு வாஷரோடு இறுக்கியவை மோதலில் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தடித்த போல்ட்டு வாங்கிய நிம்மதியில் தகட்டை மறந்துவிடுதல் பட்டறைகளில் எளிதில் நேரும் பிழை. தகட்டின் அடியில் அகன்ற தடித்த தகடு வைக்கவேண்டும்; கூடுமானால் சட்டத்தின் குழாயோடேயே பிணைக்கவேண்டும். சதுரக் குழாயில் நேரே துளையிட்டுப் போல்ட்டை முறுக்கினால் குழாயின் சுவர் உள்ளே குழியும். துளைக்குள் சிறு குழாய்த் துண்டைச் செருகிப் பற்றவைத்து, அதன் வழியே போல்ட்டைச் செலுத்துவதே சரி.

அதிர்வைத் தணிக்கத் தாங்கிக்கும் சட்டத்திற்கும் நடுவே ரப்பர்ப் புஷ் வைப்பர். இதனால் எதிர்பாராத வேறொன்றும் நேர்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாதாகையால், கலத்தின் உலோக உறை வண்டியின் சட்டத்திலிருந்து துண்டிக்கப்படுகிறது. 330 அறைகள் சேர்ந்து இருநூறு வோல்ட்டுக்கு மேல் தருவன. உள்ளே ஏதேனும் ஒரு கசிவால் உறை மின்னேற்றம் பெற்றால், தொடுபவருக்கு அபாயம். பொறி பறந்தால் ஹைட்ரஜனுக்கு அதுவே போதும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்த ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. பற்றவைக்கத் தேவையான சக்தி பெட்ரோல் ஆவிக்கு வேண்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஆகவே ரப்பர் வைத்த ஒவ்வொரு இருக்கையிலும், உறையையும் சட்டத்தையும் இணைக்கும் பின்னிய தாமிரப் பட்டை ஒன்று இருந்தே தீரவேண்டும். மின்னோட்டமுள்ள பாகங்கள் காப்பிடப்பட்டிருக்க வேண்டும், உறை மட்டும் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்ற வேறுபாட்டை மாணாக்கர்க்கு அழுத்திச் சொல்லவேண்டும்.

கலத்தின்மேல் கவிழ்த்த தொட்டிபோல் மூடி அமைத்தலும் தவறு. கசிந்த ஹைட்ரஜன் அதன் உட்கூரையில் தங்கும். மூடி வேண்டுமாயின் மிக உயர்ந்த இடத்தில் துளைகள் இருக்கவேண்டும். கீழ்ப்புறத்திலோ, உண்டாகும் நீர் வடிய, வெளியேறும் குழாயின் பக்கமாக இருக்கையைச் சிறிது சரித்து அமைப்பது நலம்.

செய்முறையில் ஓர் எச்சரிக்கை. உண்மைக் கலத்தை வைத்துக்கொண்டு பற்றவைப்பு வேலை செய்யலாகாது. உஷ்ணமும் மின்னோட்டமும் கலத்தினுள் பாய்ந்து சவ்வைக் கெடுத்துவிடும். அதே அளவும் அதே துளைகளும் உள்ள மரப் பிரதி ஒன்றைத் தச்சரிடம் செய்வித்து, அதன்மேல் தாங்கிகளைப் பொருத்தி, முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, பின் பிரதியை அகற்றி முழுமையாகப் பற்றவைக்கவேண்டும். சூட்டில் எஃகு கோணுமாதலால், கலம் அமரும் முகங்களைக் கடைசியில் கடைந்து ஒரே தளத்திற்குக் கொண்டுவருவர். சமதள மேசையில் வைத்து இடைவெளி காட்டும் தகட்டைச் செருகிப் பார்த்தால் கோணல் புலப்படும்.

போல்ட்டுகளை முறுக்கு அளவியால் இறுக்கியபின், ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் தகடு வரை வண்ணத்தால் ஒரு கோடு இடுக. முதல் ஓட்டம் முடிந்து வண்டி திரும்பியதும், முதலில் பார்க்கவேண்டியது அக்கோடுகளையே. கோடு முறிந்திருந்தால் அந்தப் போல்ட்டு தளர்ந்துள்ளது. வண்டியை மீண்டும் ஓட்டுவதற்குமுன் தளர்ந்த காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும்.