நெடுந்துளையின் நேர்மை

பலகையில் ஆணிக்குத் துளையிடுதல் எவர்க்கும் எளிது. ஒரு விரல் அகலமுள்ள துளையை உருக்கினுள் நான்கு முழ ஆழத்துக்குக் கோணாது செலுத்துதலோ உலோகத் தொழிலில் மிகக் கடியதொன்று. துறப்பணம் நீள நீள வளையுந் தன்மை பெறும். உருக்கின் கடினமான ஓரிடம் அதன் நுனியைச் சிறிது ஒதுக்கிவிடின், பின்னர் அவ்வொதுங்கிய வழியே அதற்கு வழியாகின்றது. உள்ளே நிகழும் இப்பிழை கண்ணுக்குப் புலனாவதில்லை. மறுமுனையிலே வெளிப்படும்போது திருத்தவும் இயலாது.

இவ்விடர்ப்பாட்டை முதன்முதல் பெரிதும் உணர்ந்தோர் பீரங்கி செய்தோராவர். முற்காலத்திற் களிமண்ணாலான கருவொன்றை அச்சின் நடுவே நிறுத்தி, அதனைச் சூழ உருகிய உலோகத்தை வார்த்தனர். கரு சற்றே நகரினும் துளை ஒருபுறம் சாயும். மெலிந்த சுவர் வெடித்துச் சுட்டவனையே கொல்லும். பின்னர்க் கருவி கொண்டு கடைந்தாலும், அக்கருவி முன்னிருந்த கோணலையே பின்பற்றிச் செல்லும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சுவிற்சலாந்தைச் சேர்ந்த மாரிற்சு என்பார் பீரங்கியைத் திண்மமாக வார்த்துப் பின் துளைக்கும் முறையை வகுத்தார். இம்முறை வளர்ந்தபோது, பீரங்கியைக் கிடையாகக் கிடத்திச் சுழலச் செய்து, சுழலாத கருவியை உள்ளே தள்ளினர். 1770இல் ஒல்லாந்தரான வெர்புருகன் இங்கிலாந்தின் வூல்விச் வார்ப்பாலைக்கு அழைக்கப்பட்டார்; 1774இல் யோன் வில்கின்சன் இரும்புப் பீரங்கியைத் துளைக்கும் பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். சேம்சு வாட்டின் நீராவி எந்திரத்துக்கு வேண்டிய உருளைகளைச் செம்மையாகக் கடைந்து கொடுத்தவரும் அவரே.

கருவி நிற்கப் பொருள் சுழல்வதனாற் பயன் யாது? கருவி சுழலுமாயின் ஒதுங்கிய நுனி அப்பக்கமே மேலும் மேலுஞ் செல்லும். பொருள் சுழலும்போதோ ஒவ்வொரு சுற்றிலும் அதன் எல்லாப் பக்கங்களும் நுனியின் எதிரே வந்து போகின்றன. ஆதலின் பிழை ஒரு திசையில் வளர இடமில்லை. நுனி சுழற்சியின் அச்சை நோக்கியே திருப்பப்படுகின்றது. குயவன் கை நிலைத்து நிற்க, மண் சுழன்று வட்டமாவதை ஈண்டு ஒப்பு நோக்கலாம்.

மற்றொரு பகை வெப்பமாகும். மியூனிச் நகரின் படைக்கலச் சாலையில் ஆராய்ந்த றம்போட் பிரபு, மழுங்கிய கருவியைப் பீரங்கி உலோகத்தில் அழுத்திக் குதிரைகளாற் சுழற்றுவித்து, சூழவிருந்த நீரை இரண்டரை மணி நேரத்தில் நெருப்பின்றியே கொதிக்கச் செய்தார். உராயுந்தோறும் ஓயாது தோன்றும் வெப்பம் ஒரு பொருளாயிருத்தல் இயலாது என அவர் 1798இற் காட்டியது பௌதிகத்துக்குப் பெரும்பேறாயிற்று. தொழிலாளிக்கோ அவ்வெப்பம் கருவியின் கூரைக் கெடுக்குங் கேடு.

துவக்குக் குழல்களுக்கென வளர்ந்த நெடுந்துறப்பணம் இவ்விரு பகைகளையும் ஒருங்கே வெல்கின்றது. சாதாரண முறுக்குத் துறப்பணத்துக்கு வெட்டுவாய் இரண்டு. அவற்றுள் ஒன்று மழுங்கின் மற்றையது கருவியை ஒருபுறம் தள்ளிவிடும். இதற்கோ வெட்டுவாய் ஒன்றே. அது வெட்டும்போது எழும் எதிர்விசை, கருவியின் வழவழப்பான முதுகைத் துளையின் சுவரோடு அழுத்துகின்றது. தான் சற்றுமுன் வெட்டிய துளையே தனக்கு வழிகாட்டியாதலின், தொடக்கம் நேராயிருத்தல் இன்றியமையாதது. அதன்பொருட்டு வாயிலில் வல்லுருக்கு வளையமொன்றைப் பொருத்தி, அதனூடே கருவியைச் செலுத்துவர். கருவியின் உள்ளேயுள்ள சிறு குழாய்வழி எண்ணெய் மிக்க அமுக்கத்துடன் நுனிக்குப் பாய்ந்து, வெட்டுவாயைக் குளிர்வித்துச் சீவல்களை வெளிப்புறத் தவாளிப்பு வழியே அடித்துக்கொண்டு வருகின்றது. அவ்வெண்ணெய் தடைப்படின் சீவல்கள் இறுகி, நெடிய கருவி துளைக்குள்ளேயே முறிந்துபோம்.