பாஸ்வேர்டை மாற்றலாம்... கையசைவை? வி.ஆர் உலகில் காத்திருக்கும் ஆபத்துகள்

வி.ஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவதாராக உள்ளே போகிறீர்கள். பெயர் பொய், உருவமும் பொய். 'நாம யாருன்னு எவனுக்குத் தெரியப்போகுது' என்றுதான் தோன்றும். தெரியும் என்பதுதான் சிக்கல்.

2023-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'பீட் சேபர்' என்ற வி.ஆர் கேம் ஆடிய 50,000-க்கும் மேற்பட்டோரின் அசைவுப் பதிவுகளை அலசினார்கள். முகம் இல்லை, குரல் இல்லை. தலையும் இரண்டு கைகளும் நகர்ந்த விவரம் மட்டும்தான். ஒவ்வொருவரின் அசைவையும் சில நிமிடங்கள் காட்டி மாடலைப் பழக்கிய பிறகு, புதிதாக 100 விநாடி கொடுத்தால் போதும். 'இது இன்னார்' என்று 94 சதவிகிதம் சரியாகச் சொன்னது. வெறும் 10 விநாடிக்கே 73 சதவிகிதம்!

பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிவிடலாம். கையை ஆட்டுற விதத்தை எப்படி மாத்துறது? லொகேஷனைப் போல இதை ஆஃப் செய்யவும் வழியில்லை. அசைவுத் தகவல் போகாவிட்டால் கேமே ஓடாது.

ஒட்டுக்கேட்பதும் நடந்திருக்கக்கூடியதுதான். 'பிக்ஸ்கிரீன்' என்ற வி.ஆர் செயலியின் பிரைவேட் அறைக்குள் யார் கண்ணிலும் படாமல் நுழைந்து, பேச்சைக் கேட்க முடியும் என்று அமெரிக்காவின் நியூ ஹேவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினார்கள். அந்த ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது.

இதையெல்லாம்விடக் கனமான விஷயம், பாலியல் அத்துமீறல். மெட்டாவின் 'ஹொரைசன் வேர்ல்ட்ஸ்' சோதனையில் இருந்தபோதே, தன் அவதாரை ஒருவர் தகாத முறையில் தொட்டதாக ஒரு பெண் புகார் சொன்னார். 2022 பிப்ரவரியில் அவதார்களுக்கு இடையே சுமார் 4 அடி இடைவெளியைக் கொண்டுவந்தது மெட்டா. 16 வயதுகூட நிரம்பாத சிறுமியின் அவதாரைச் சிலர் கூட்டாகத் தாக்கிய புகாரை பிரிட்டன் போலீஸ் விசாரிப்பது 2024 ஜனவரியில் வெளியே வந்தது. 'ஹெட்செட்டைக் கழற்றிட வேண்டியதுதானே?' என்று பலர் கேட்டார்கள். நிஜம்போலவே இருக்கும் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? அப்புறம் வலி மட்டும் எப்படிப் பொய்யாகும்?

சட்டம்தான் தடுமாறுகிறது. இந்தியாவில் அவதாருக்கென்று தனிச் சட்டப்பிரிவு கிடையாது. உடல்மீதான தாக்குதல் பற்றிய பிரிவுகள் நிஜமான தொடுதலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆபாசமாகப் பேசுவது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, ஆள்மாறாட்டம் ஆகியவற்றுக்கு இப்போதுள்ள சட்டங்களிலேயே இடம் உண்டு.

ஆனால் ஆதாரம் வேண்டுமே! சாட்டில் மெசேஜ் மிஞ்சும். இங்கே நடந்தது காற்றோடு போய்விடும். அதனால் தொல்லை ஆரம்பித்ததும் ஹெட்செட்டிலேயே ரெக்கார்டிங்கை ஆன் செய்யுங்கள். எதிராளியின் யூசர்நேம், நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். மற்ற புகார்களை மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பதியலாம்.