பாத ரணசிகிச்சையும் மரப்பு மருந்தும்

ஊத்துக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில் வயலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்து பழகிய முதியோர் பலர். நீரிழிவு நோய் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் கெடுத்துவிடுமாதலால், தைத்த முள்ளை அன்னார் அறிவதில்லை. புண் புரையோடிய பின்னரே வைத்தியரை நாடுகின்றனர். அப்பொழுதும், "இருதயம் பலவீனமாயிருக்கிறதே, மயக்கம் கொடுத்தால் மீள்வேனோ?" என்னும் அச்சம் அவர்களைத் தடுக்கின்றது. இவ்வச்சத்திற்கு வைத்திய சாஸ்திரம் கூறும் விடை யாதெனச் சிறிது ஆராய்வோம்.

இவ்வினா புதிதன்று. 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், ஜெர்மனி தேசத்துக் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் ரணவைத்தியர், கணுக்கால் மூட்டில் க்ஷயரோகம் கண்ட கூலியாள் ஒருவருக்குச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அவரோ முன்னர் மயக்க மருந்தால் பெரிதும் துன்புற்றவர். ஆதலின் பியர், முதுகெலும்பினுள் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலே சிறிதளவு கொக்கெயின் மருந்தைச் செலுத்தினார். நோயாளி விழித்திருக்கவே சிகிச்சை வலியின்றி முடிந்தது. பின்னர் வாந்தியும் கடுந்தலைவலியும் கண்டன. தண்டுவட மரப்பு முறை காலின் பொருட்டே தோன்றியது கவனிக்கத்தக்கது.

எனினும் அம்முறை இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தவல்லது. இருதய வால்வு சுருங்கியோர்க்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர்க்கும் அதனைத் தவிர்க்க நேரிடும். ஆகவே இக்காலத்தார் மருந்தை இன்னும் கீழே, கணுக்காலிலேயே செலுத்துகின்றனர். பாதத்திற்கு உணர்ச்சி தருவன ஐந்து நரம்புகள். நான்கு, தொடையின் பின்புறமாய் இறங்கும் பெருநரம்பின் கிளைகள். ஒன்று, முன்தொடை நரம்பின் கிளை. ஏரியின் மதகுகளை அடைத்தால் வயலுக்கு நீர் செல்லாததுபோல, கணுக்காலைச் சுற்றி இவ்வைந்தையும் மருந்தால் தடுத்தால் பாதம் மாத்திரம் மரத்துப்போகும். லிடொகெய்ன் விரைவில் வேலை செய்யும். புப்பிவகெய்ன் பல மணி நேரம் நிற்கும். அல்ட்ராசவுண்டு கருவியால் நரம்பைத் திரையிற் கண்டே ஊசி செலுத்துதலும் இன்று வழக்கமாயிற்று.

இதனால் மூச்சுக்குழலில் குழாய் நுழைக்க வேண்டுவதில்லை; இரத்த அழுத்தமும் பெரும்பாலும் நிலைபெறும்; நீரிழிவுடையோர் விரைவில் உணவு கொள்ளலாம். ஆயினும் குற்றமற்ற முறை எதுவுமில்லை. அளவு மிஞ்சினால் மருந்து மூளையையும் இருதயத்தையும் தாக்கும். சீழ் பிடித்த இடத்தில் ஊசி செலுத்தலாகாது; அங்ஙனமாயின் முழங்காலின் பின்குழியிலேயே பெருநரம்பைத் தடுப்பர். மரப்பு நீங்குமுன் காலை ஊன்றி நடத்தலும் தகாது. யாருக்கு எம்முறை ஏற்றதென மயக்க மருந்து வைத்தியரே துணிதல் வேண்டும்.

நம் மாணவர்கள் விடுமுறையில் இல்லம் செல்லும்பொழுது, பாதப் புண்ணை மறைத்து நாள் கடத்தும் பெரியோர்க்கு இச்செய்தியை எடுத்துரைப்பார்களாக. காலந்தாழ்த்தினால் விரலோடு போவது காலோடு போகும். மயக்கத்திற்கு அஞ்சி ஒருவரும் காலை இழக்க வேண்டுவதில்லை.