அசன்பே சரித்திரம்: காணப்படாத காவலன்

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1885இல், கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் மு.கா. சித்தி லெப்பை (1838–1898) ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வழங்கினார்.

கெய்ரோவில் அரச வமிசத்துக் குழந்தையொன்று கடத்தப்படுகிறது. தன் குலமறியாது பம்பாயில் வளர்கிறது. இளமையில் கல்கத்தாவை அடைந்து, அல்லல்கள் பல கடந்து, முடிவில் எகிப்து சேர்ந்து ‘பே’ என்னும் சிறப்புப் பட்டத்தைப் பெறுகிறது.

இதைப் படிக்கும் முஸ்லிமின் உள்ளத்தில் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் நிழலாடாதிராது. யூஸுஃப் நபி (அலை) தந்தையைப் பிரிந்து எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அசனோ எகிப்திலிருந்து கொண்டு செல்லப்படுகிறான். திசை வேறாயினும் காவலன் ஒருவனே. பாழ்கிணற்றிலும் சிறையிலும் நபியவர்களைக் காத்தவன் கண்ணுக்குப் புலப்படாத அல்லாஹ் அன்றோ!

எனினும், அவன் காவலை நம்புதல் வாளாவிருத்தல் ஆகாது. யூஸுஃப் நபியவர்கள் உயர்வடைந்தது இறைவன் அருளிய அறிவைப் பயன்படுத்தியதால்தான். சித்தி லெப்பை தம் சமூகத்துக்கு வற்புறுத்தியதும் அதுவே. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்து சேர்ந்த உராபி பாஷாவுடன் கல்விப்பணியில் இணைந்தார். அவ்வுழைப்பில் 1892இல் கொழும்பு மருதானையில் தோன்றிய மதரஸாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

இழந்த அரசுரிமையை எண்ணி ஏங்கிய காலத்தில், கல்வியே மீட்சிக்கு வழியெனக் கண்டவரின் நாவல் இது. நம் இல்லந்தோறும் இருக்கத் தக்கது.